பை பெரிதா? வீரர் பெரிதா?



ஒரு ராணுவ வீரரை வரையச் சொன்னால் என்னென்ன வரைவீர்கள்? தலையில் இரும்புத் தொப்பி, கையில் துப்பாக்கி, காலில் பூட்ஸ்... சரி, முதுகில் இருக்கும் பையை எத்தனை பேர் வரைவீர்கள்?

ரோந்து போகும் வீரருக்கு அந்தப் பைதான் வீடு. சாப்பாடு, தண்ணீர், மழைச் சட்டை, மாற்று சாக்ஸ், மருந்து, பேட்டரி, தோட்டாக்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். நடுக்காட்டில் பையின் வார் அறுந்துவிட்டால் என்ன செய்வார்? கடைக்கு ஓடி வேறு பை வாங்க முடியாது. தைத்துக் கொடுக்கத் தெருமுனையில் தையல்காரரும் இருக்க மாட்டார்.

அப்படியென்றால் வீரருக்கு எப்படிப்பட்ட பையைத் தேர்ந்தெடுப்பது? "இருப்பதிலேயே பெரிய பை! இருப்பதிலேயே தடித்த துணி! நிறைய பாக்கெட்!" என்றுதானே சொல்லத் தோன்றுகிறது?

அது சரியில்லை என்பது என் கருத்து. நல்ல ரோந்துப் பை அளவில் சிறியதாக இருக்க வேண்டும். எந்த இடங்களில் பாரம் விழுகிறதோ, அந்த இடங்களில் மிக உறுதியாக இருக்க வேண்டும். ஏன் என்று பார்ப்போமா?

கோவேறு கழுதைகள்!

வீரரின் சுமை இன்று நேற்று வந்த பிரச்னை அல்ல. சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் மாரியஸ் என்ற தளபதி இருந்தார். படைக்குப் பின்னால் வரும் மூட்டை வண்டிகளால் தாமதம் ஆகிறது என்று, வீரர்கள் தங்கள் மூட்டையைத் தாங்களே சுமக்கும்படி செய்தார். ஒரு கவட்டைக் கம்பில் மூட்டையைக் கட்டி, தோளில் சாய்த்துக்கொண்டு அவர்கள் நடந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த பட்டப்பெயர் என்ன தெரியுமா? 'மாரியஸின் கோவேறு கழுதைகள்'!

இதைக் கேட்டுச் சிரிக்கலாம். அடுத்த கதையைக் கேட்டுச் சிரிக்க முடியாது.

1944 ஜூன் 6. இரண்டாம் உலகப் போரில், பிரான்ஸ் நாட்டின் நார்மண்டி கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய நாள். 'ஒமாஹா' என்று பெயர் சூட்டப்பட்ட கரையில் அமெரிக்க வீரர்கள் படகுகளில் வந்தார்கள். சில படகுகள் கரைக்கு வருவதற்கு முன்பே, ஆழமான இடத்தில் கதவைத் திறந்துவிட்டன. உடம்பு முழுக்கச் சுமையுடன் தண்ணீரில் குதித்த வீரர்கள் பலர், எழுந்திருக்க முடியாமல் மூழ்கிப் போனார்கள். எதிரியைப் பார்ப்பதற்கு முன்பே சுமை அவர்களைத் தோற்கடித்துவிட்டது.

எஸ்.எல்.ஏ. மார்ஷல் என்ற அமெரிக்க ராணுவ எழுத்தாளர், வீரர்களின் சுமையைப் பற்றி 1950ல் ஒரு புத்தகமே எழுதினார். களைத்துப் போனவரைப் பயமும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், ஆகவே சுமையைக் குறையுங்கள் என்று அதில் வாதாடினார்.

ஏட்டில் ஒன்று, முதுகில் ஒன்று

ராணுவம் கேட்டதா? ஏட்டில் கேட்டது. சண்டையின்போது ஒரு வீரர் சுமப்பது 48 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 22 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. நீண்ட நடையில் 72 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 33 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று 1990ல் வெளியான அமெரிக்க ராணுவக் கையேடு சொன்னது.

2003ல் ஆப்கானிஸ்தானில் இருந்த அமெரிக்க வீரர்களின் சுமையை எடை போட்டுப் பார்த்தார்கள். சண்டைக்கான சுமையே சராசரியாக 63 பவுண்டு, அதாவது 28 கிலோவுக்கு மேல் இருந்தது. நடைக்கான சுமையோ 40 கிலோவைத் தாண்டியது!

இந்தக் கனம் முழுவதும் பையால் வந்தது அல்ல. குண்டு துளைக்காத கவசம், ஆயுதம், தண்ணீர், பேட்டரி எல்லாமே கனம்தான். அவற்றில் பலவற்றைக் குறைக்க முடியாது. ஆனால் பையின் அளவைக் குறைக்க முடியும் அல்லவா? பையில் காலி இடம் இருந்தால் கை சும்மா இருக்காது. "இதுவும் உதவும், அதுவும் உதவும்" என்று திணித்துக்கொண்டே இருக்கும். பை சிறியதாக இருந்தால், 'இது நிஜமாகவே வேண்டுமா?' என்று யோசித்துத்தான் ஆக வேண்டும். அந்த யோசனைதான் வீரரைக் காப்பாற்றும்.

பெரிய பையே வேண்டாமா?

"பல நாள் நடக்க வேண்டி வந்தால் சின்னப் பை போதுமா?" என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

தென் அட்லாண்டிக் கடலில் ஃபாக்லாந்து என்ற தீவுக் கூட்டம் இருக்கிறது. 1982ல் அதற்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் போரிட்டன. பிரிட்டிஷ் வீரர்களைத் தூக்கிச் செல்ல வேண்டிய ஹெலிகாப்டர்கள் 'அட்லாண்டிக் கன்வேயர்' என்ற கப்பலில் வந்தன. மே 25 அன்று ஏவுகணை தாக்கி அந்தக் கப்பல் தீப்பிடித்தது. பெரிய சினூக் ஹெலிகாப்டர்கள் மூன்று அதோடு அழிந்தன. வேறு வழி? நடைதான்! பிரிட்டனின் மரைன் படையினர், ஆளுக்குச் சுமார் 36 கிலோ சுமையுடன், சதுப்பு நிலத்திலும் குளிர்காற்றிலும் மூன்று நாளில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் நடந்தார்கள்.

ஆக, பெரிய பைக்கும் வேலை உண்டு. அதனால்தான் பல ராணுவங்கள் இரண்டு பைகள் தருகின்றன. ஒன்று, நெடும்பயணத்துக்கான 60 லிட்டருக்கு மேல் கொள்ளும் பெரிய பை. இன்னொன்று, ஓரிரு நாள் ரோந்துக்கான 30 முதல் 40 லிட்டர் வரை கொள்ளும் சின்னப் பை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் 30 வைக்கும் இடம் என்று நினைத்துக்கொள்ளுங்களேன். பெரிய பையை முகாமில் விட்டுவிட்டு, சின்னப் பையோடு ரோந்து போவார்கள். இரண்டு வேலைக்கும் ஒரே பெரிய பையைக் கொடுப்பதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

நூலில் ஒரு கணக்கு

இப்போது துணிக்கு வருவோம். முன்பெல்லாம் பருத்தி கான்வாஸ் துணியில் பை தைத்தார்கள். அது மழையில் தண்ணீரைக் குடித்துக் கனக்கும். ஈரம் காயாவிட்டால் பூஞ்சை பிடித்து இற்றுப் போகும். 1935ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் வாலஸ் கரோதர்ஸ் என்ற விஞ்ஞானி நைலானை உருவாக்கினார். இன்று ராணுவப் பைகள் பெரும்பாலும் நைலான்தான்.

இந்தப் பைகளில் '500 டெனியர்', '1000 டெனியர்' என்று போட்டிருப்பார்கள். டெனியர் என்றால் என்ன? 9,000 மீட்டர் நூலை எடை போட்டால் எத்தனை கிராம் இருக்கிறதோ, அத்தனை டெனியர். அதாவது 9 கிலோமீட்டர் நீள நூல் ஒரு கிலோ இருந்தால் அது 1000 டெனியர். அரைக் கிலோ இருந்தால் 500 டெனியர். எண் கூடினால் நூல் தடிமன் கூடும். தேய்மானத்தைத் தாங்கும் சக்தியும் கூடும். கூடவே கனமும் கூடும்!

முழுப் பையையும் 1000 டெனியரில் தைக்க வேண்டுமா? பாறையிலும் மண்ணிலும் உரசுவது பையின் அடிப்பாகம். அங்கே தடித்த துணி அவசியம். மற்ற பக்கங்களுக்கு 500 டெனியரே போதும் என்பேன். உள்பக்கம் தண்ணீர் புகாத பூச்சு இருக்க வேண்டும்.

பை எங்கே கிழியும்?

உங்கள் வீட்டில் கிழிந்து போன பழைய பை இருந்தால் எடுத்துப் பாருங்கள். துணியின் நடுவிலா கிழிந்திருக்கிறது? பெரும்பாலும் இருக்காது. தோள்வார் பையோடு சேரும் இடம் பிய்ந்திருக்கும், அல்லது ஜிப் வாய் பிளந்திருக்கும். ராணுவப் பையும் அப்படித்தான்.

1990களின் கடைசியில் அமெரிக்க ராணுவத்துக்கு 'மோலி' என்ற புதிய வகைப் பை வந்தது. அதன் மேல் வரிவரியாக நைலான் நாடா தைத்திருக்கும். தேவைக்கு ஏற்பச் சின்னப் பைகளை அதில் மாட்டலாம், கழற்றலாம். அருமையான யோசனை! ஆனால் ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் பயன்படுத்தியபோது குறைகள் தெரிந்தன. திணித்துத் திணித்து வைத்ததில் ஜிப் பிளந்தது. பையைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டம் உடைந்தது. பிறகு அவற்றைத் திருத்தி அமைத்தார்கள். எப்போதுமே பலவீனமான பாகம்தான் பையின் ஆயுளை முடிவு செய்கிறது.

ஆகவே பையைத் தேர்ந்தெடுப்பவர் துணியைத் தடவிப் பார்ப்பதற்கு முன்னால் தையலைப் பார்க்க வேண்டும். ஜீன்ஸ் பேன்ட்டில் பெல்ட் நுழைக்கும் வளையத்தைப் பாருங்கள். அதன் முனையில் நூல் முன்னும் பின்னுமாக நெருக்கமாகப் பல முறை ஓடியிருக்கும். தோள்வார் சேரும் இடங்களில் எல்லாம் அந்த மாதிரித் தையல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜிப் பற்கள் பெரிதாக இருக்கின்றனவா, கையுறை போட்ட கையால் இழுக்க முடிகிறதா என்றும் சோதிக்க வேண்டும்.

தோளா, இடுப்பா?

நார்வே நாட்டில் ஓலே பெர்கன் என்பவர், முதுகின் வளைவுக்குப் பொருந்தும் சட்டம் வைத்த பையை உருவாக்கி 1909ல் காப்புரிமை பெற்றார். பிரிட்டிஷ் வீரர்கள் இன்றும் தங்கள் பெரிய பையை 'பெர்கன்' என்றுதான் சொல்கிறார்கள்.

சட்டமும் இடுப்புப் பட்டியும் எதற்கு? பாரம் முழுவதும் தோளிலேயே தொங்கினால் அங்குள்ள நரம்பு அழுந்தும். கை மரத்துப் போகும். சில சமயம் கையைத் தூக்கவே முடியாமல் போகும். வீரருக்குக் கை வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்! இடுப்புப் பட்டி இருந்தால் பாரத்தின் பெரும் பங்கு இடுப்பு எலும்புக்குப் போய்விடும்.

இன்னொன்று முக்கியம். பையை மாட்டுவது போலவே சட்டென்று கழற்றவும் முடிய வேண்டும். தண்ணீரில் விழுந்தால், எதிரி திடீரென்று தாக்கினால், ஒரே இழுப்பில் பை கழன்று விழ வேண்டும். ஒமாஹா கரையின் பாடம் இதுதான். பொருள்களைத் தண்ணீர் புகாத உறையில் இறுகக் கட்டிப் பைக்குள் வைத்தால், ஆற்றைக் கடக்கும்போது அந்தப் பையே மிதவையாகவும் உதவும்.

இத்தனையும் சரியாக இருக்கிறதா என்று யார் சொல்வது? பையைச் சுமக்கப் போகும் வீரர்தான்! மேஜையில் வைத்துப் பார்த்தால் எல்லாப் பையும் நல்ல பைதான். நிரப்பி, மாட்டி, மழையில் நனைந்து, மலையேறி, தரையில் போட்டு எடுத்துப் பார்த்த பிறகுதான் எது உழைக்கும் என்று தெரியும். அதைச் செய்த வீரரின் பேச்சைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

உங்கள் முதுகிலும் ஒரு பை!

"நாங்கள் ராணுவத்துக்குப் பை வாங்கப் போவதில்லையே!" என்கிறீர்களா? தினமும் காலையில் நீங்களும் ஒரு பையை மாட்டிக்கொண்டுதானே கிளம்புகிறீர்கள்?

வளர்ந்த, பயிற்சி பெற்ற வீரருக்கே சுமைக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். உங்களுக்கும் வரம்பு உண்டு. பள்ளிப் பை, மாணவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. நீங்கள் 30 கிலோ என்றால் பை 3 கிலோ. அவ்வளவுதான்!

ஆகவே அடுத்த முறை பை வாங்கக் கடைக்குப் போனால், மேலே இருக்கும் கார்ட்டூன் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். காலிப் பையைத் தூக்கிப் பாருங்கள். அதுவே கனத்தால் வேண்டாம். தோள்வார் சேரும் இடத்தில் தையலைப் பாருங்கள். இரண்டு வாரும் அகலமாக, மெத்தென்று இருக்க வேண்டும். மாட்டியபின் பை இடுப்புக்குக் கீழே தொங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, "வளர்ந்த பிறகும் ஆகும்" என்று அப்பா, அம்மா பெரிய பையைக் காட்டினால், அது ஏன் வேண்டாம் என்பதை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.

இன்று இரவே உங்கள் பையைக் கொட்டிப் பாருங்கள். நாளைய டைம்டேபிளில் இல்லாத புத்தகம், போன மாதம் தீர்ந்து போன நோட்டு, உடைந்த ஸ்கேல் எத்தனை கிடைக்கிறது? அவற்றை வெளியே எடுத்து வைத்துவிட்டு, பையை எடை போடுங்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் இன்னும் இருந்தால் கூச்சப்படாமல் வகுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள். சுமப்பவர் சொன்னால்தானே மற்றவர்களுக்குத் தெரியும்!