நடுக்கடலில் பேசும் விளக்குகள்!

சாலையில் இரவு நேரத்தில் போகிறவருக்கு விளக்குக் கம்பம் துணை. கடலில் சாலையும் இல்லை, கம்பமும் இல்லை. எதிரே தெரிவது பெரிய கப்பலா, மீன்பிடி படகா? அது வருகிறதா, போகிறதா? எப்படித் தெரிந்துகொள்வது?

அதில் எரியும் விளக்குகளே சொல்லிவிடும்!

சென்னைக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளியில் இது வேடிக்கைச் செய்தி அல்ல, உயிர்ப் பிரச்சினை. அங்கே ஒரு துறைமுகம். அதை அடுத்து எண்ணூர் காமராஜர் துறைமுகம். இரவு பகலாகக் கப்பல்கள் வந்து போகின்றன. அதே கடலில்தான் மீனவர்களும் வலை விரிக்கிறார்கள்.

இடது சிவப்பு, வலது பச்சை

கப்பலின் இடது பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். வலது பக்கத்தில் பச்சை. மேலே கம்பத்தில் முன்னோக்கி ஒரு வெள்ளை விளக்கு. பின்புறத்தில் இன்னொரு வெள்ளை விளக்கு. 1972-ல் உலக நாடுகள் வகுத்து, 1977-ல் அமலுக்கு வந்த விதி இது.

50 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலில் கம்பத்து விளக்கு இரண்டு. முன்னால் உள்ளது தாழ்ந்திருக்கும். பின்னால் உள்ளது உயர்ந்திருக்கும். தாழ்ந்த விளக்கு இருக்கும் பக்கமே கப்பல் போகும் பக்கம்.

சிவப்பு மட்டும் தெரிந்தால், கப்பல் நமக்கு இடது பக்கமாகப் போகிறது. பச்சை மட்டும் தெரிந்தால், வலது பக்கமாகப் போகிறது. சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால்? நேராக நம்மை நோக்கி வருகிறது. ஆபத்து!

மீன்பிடிக்கும் படகுக்கும் தனி அடையாளம் உண்டு. இழுவலை போடும் படகில் மேலே பச்சை, கீழே வெள்ளை. மற்ற வலை போடும் படகில் மேலே சிவப்பு, கீழே வெள்ளை.

மறக்க முடியாத அதிகாலை

2017-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி அதிகாலை. காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே "பி.டபிள்யூ. மேப்பிள்", "டான் காஞ்சிபுரம்" என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கடலில் எண்ணெய் கொட்டியது. கரை ஒதுங்கிய கருப்புக் குழம்பை வாளி வாளியாக மக்கள் அள்ளினார்கள். மீனவர் பிழைப்பில் மண் விழுந்தது.

எத்தனை கருவிகள் இருந்தாலும் கண்ணாலும் காதாலும் எந்நேரமும் காவல் இருக்கவேண்டும் என்று கடல் விதி சொல்வது வீண் பேச்சு அல்ல.

சிறிய படகுக்கும் விளக்கு வேண்டும்

பெரிய கப்பலை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. அதன் முன்னே விளக்கில்லாத படகு இருட்டோடு இருட்டாகிவிடும். கரையில் துறைமுக விளக்குகள் பளீரென்று எரியும்போது, மங்கலான விளக்கும் அந்த வெளிச்சத்தில் கரைந்துவிடும்.

12 மீட்டருக்குக் குறைந்த விசைப்படகில், சுற்றிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கும் சிவப்பு, பச்சைப் பக்க விளக்குகளும் இருந்தால் போதும். துடுப்புப் படகில் ஒரு டார்ச் விளக்காவது கைவசம் வேண்டும். மோதல் நேருமுன் அதைக் காட்டவேண்டும்.

இதற்கு ஆகும் செலவு கொஞ்சம். காக்கப்படுவது ஒரு குடும்பம்! கடலோரப் பள்ளிகளில் இந்த விளக்குப் பாடத்தைப் படம் போட்டுச் சொல்லித்தர வேண்டும். துறைமுகங்களும் மீனவர் சங்கங்களும் கைகோத்துப் பயிற்சி தரவேண்டும்.

கடலுக்குப் புறப்படும்போது வலையையும் சோற்றையும் மறவாதவர்கள் விளக்கையும் மறக்கக்கூடாது!