240 கேட்கும் மகனும் கட்டாரில் இருக்கும் வாப்பாவும்



ஸ்கூல் லீவு விட்டால் பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்விகளில் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "சேர், மகன் கேம் மொனிட்டர் கேட்கிறான். 240 ஹேர்ட்ஸாம். வாங்கிக் கொடுக்கவா?"

கேம் விளையாடுவது நல்லதா கெட்டதா என்ற வாக்குவாதத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். வாங்குவது என்று முடிவெடுத்த வீட்டில் காசு வீணாகக்கூடாது. நம்ம ஊரில் பெரும்பாலான வீடுகளுக்கு 144 அல்லது 165 தாராளம் என்பதே நம் கருத்து.

போன மாதம் ஒரு மாணவனின் வீட்டுக்குப் போயிருந்தோம். வாப்பா கட்டாரில். அவர் அனுப்பிய காசில் 240 ஹேர்ட்ஸ் மொனிட்டர் மேசையில் பளபளவென்று இருந்தது. பையன் முகத்தில்தான் களையில்லை. "பழையதுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் விளங்கல்ல சேர்" என்றான். விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே போய்ப் பார்த்தால் 60இல் கிடக்கிறது! கடையில் ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மாற்றப் போனால் 120க்கு மேல் காட்டவில்லை. பழைய கொம்பியூட்டர், அதிலிருப்பது எச்டிஎம்ஐ 1.4. 1080பி படத்துக்கு அதன் எல்லை பெரும்பாலும் அவ்வளவுதான். சரி என்று அவன் ஆசைப்படும் பெரிய கேமைப் போட்டோம். தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாத பெட்டி அது. செக்கனுக்கு 45, 50 பிரேம் வருவதற்கே மூச்சு வாங்கியது. தண்ணீர் ஊறாத கிணற்றுக்குப் பெரிய மோட்டர் பூட்டிய கதை.

ஹேர்ட்ஸ் என்பது மொனிட்டர் செக்கனுக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது. அந்தப் படங்களை உருவாக்கிக் கொடுப்பது கிராபிக்ஸ் கார்ட். அது 50 கொடுத்தால் 240 மொனிட்டரும் அந்த 50ஐத்தான் காட்டும்.

பிள்ளைகள் சொல்வதும் பொய்யில்லை. 60இலிருந்து 144க்குப் போனால் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 60இல் 16.7 மில்லிசெக்கன், 144இல் 6.9. கிட்டத்தட்ட 10 மிச்சம். 144இலிருந்து 240க்குப் போனால் 4.2. மிச்சம் 3கூட இல்லை. அந்த 3க்காகத்தான் கூடுதல் காசு. பிங் 80, 100 என்று ஓடும் இன்டர்நெட்டில் விளையாடும் பிள்ளைக்கு அது எந்த மூலைக்கு?

வெலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி கேம்களைப் போட்டிக்கென்று விளையாடுகிறான், கார்டும் 200க்கு மேல் பிரேம் தருகிறது என்றால் 240 வாங்கட்டும், நாம் மறிக்கமாட்டோம். வீட்டிலிருப்பது பிஎஸ் 4 என்றால் 144கூட வேண்டாம், அது 60க்கு மேல் கொடுக்காது.

1080பி என்றால் 24 இன்ச் போதும். 27இல் எழுத்துக்கள் சொரசொரவென்று தெரியும். படிப்புக்கும் அதே திரைதானே. ஐபிஎஸ் பெனல் நல்லது. விலை குறைந்த விஏ பெனல்கள் பலதில் இருட்டுக் காட்சிகள் இழுபடும். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் "1 எம்எஸ்"ஐ நம்பி வாங்காதீர்கள், ஒவ்வொரு கம்பனியும் அதை ஒவ்வொரு விதமாக அளக்கிறது. ப்ரீசின்க் இருக்கிறதா என்று கேளுங்கள். பிரேம் ஏறி இறங்கும் சாதாரண கொம்பியூட்டருக்கு அதுதான் கைகொடுக்கும், கார்டும் அதற்குத் தோதாக இருந்தால். டிஸ்ப்ளே போர்ட் கேபிளை மறக்காமல் வாங்குங்கள். அதை மதர்போர்டில் அல்ல, கார்டில் சொருக வேண்டும். இதில் பிழைவிட்ட இரண்டு வீட்டை நாமே பார்த்திருக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் முதல், மகனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்ப உன்ட கேம் எத்தனை பிரேம்ல ஓடுது?" பதில் தெரியாவிட்டால் கடைக்குப் போகும் அவசரம் இல்லை.

அந்தப் பையனின் மொனிட்டரைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை, பெட்டி உடைத்தாயிற்றாம். நேற்று அவன் வாப்பா வொய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "சேர், அந்தக் கார்ட் என்ன விலை வரும்? ஓவர்டைம் செஞ்சாவது அனுப்புறேன்." இன்னும் பதில் போடவில்லை.