காய்ச்சல் கடிதம்

அக்காளுக்குத் திருமணம். தங்கை எட்டாம் வகுப்பு மாணவி. மூன்று நாள் விடுப்பு வேண்டும். வெள்ளைத் தாளிலே, முத்து முத்தான எழுத்திலே, ஆங்கிலத்திலே விண்ணப்பம் எழுதி என் மேசைமீது வைத்தாள். எடுத்துப் படித்தேன். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று தொடங்கிற்று கடிதம்!

"யாருக்கம்மா காய்ச்சல்?" என்றேன்.

விழித்தாள். "யாருக்கும் இல்லையே சார். அக்காவுக்குக் கல்யாணம்."

"காய்ச்சலால் வருந்துகிறேன் என்றல்லவா எழுதியிருக்கிறாய்?"

"லீவு லெட்டர்னா அப்படித்தானே சார் எழுதணும்!"

பொய் சொன்னாளா அந்தப் பெண்? இல்லை, தோழர்களே! பொய் சொல்லுகிறவனுக்குத் தான் சொல்லுவது இன்னதென்று தெரியும். இவளுக்கோ, தான் எழுதியது இன்னதென்றே தெரியாது. ஆறாம் வகுப்பிலே கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதினாள். ஏழாம் வகுப்பிலே மனப்பாடம் செய்தாள். எட்டாம் வகுப்பிலே பிழையின்றி ஒப்பித்தாள். பிழையே இல்லை, பொருளும் இல்லை! விடுப்புக் கடிதம் என்றால் காய்ச்சல் கடிதம். பாட்டி இறந்தாலும் காய்ச்சல், பொங்கலுக்கு ஊருக்குப் போனாலும் காய்ச்சல், அக்காள் மாலை சூடினாலும் காய்ச்சல்!

அந்தத் திருமணத்துக்கு நானும் போயிருந்தேன். சீர்திருத்தத் திருமணம். புரோகிதர் இல்லை, புகை இல்லை, புரியாத மொழி இல்லை. மணமக்கள் தமிழிலே உறுதிமொழி கூறினர். கூடியிருந்த பாட்டிமார்களுக்கும் புரிந்தது. இத்தகைய திருமணம் செல்லும் என்று 1967இல் சட்டமன்றத்திலே சட்டம் இயற்றினோம். பொருள் புரியாமல் ஓதுவது மனிதனுக்கு இழுக்கு என்றோம். மணமேடையிலிருந்து மந்திரத்தை இறக்கினோம். இறங்கிய மந்திரம் எங்கே போயிற்று? தெருமுனையைத் திரும்பிப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, ஆங்கில வகுப்பிலே சம்மணமிட்டு அமர்ந்துவிட்டது! அக்காளின் மேடையிலே மந்திரம் இல்லை. தங்கையின் கடிதத்திலே மந்திரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. இதைக் கண்டும் காணாதவர்போல நடப்பவர்களிலே பகுத்தறிவாளர் பலரும் உண்டு என்பதுதான் என் நெஞ்சை உறுத்துகிறது.

மந்திரம் தயாராகும் விதத்தைக் கேளுங்கள். பாடம் படிக்கப்படும், ஆசிரியர் வாயால். வினாக்களுக்கு விடை எழுதப்படும், ஆசிரியர் கையால். மாணவர் பார்த்து எழுதுவர். வீட்டிலே உருப்போடுவர். தேர்விலே அதே வினா, அதே விடை, அருகே சிவப்பு மையிலே ஒரு சரிக்குறி! மேலதிகாரி வருவார், குறிப்பேடுகளைப் புரட்டுவார், "அழகாக இருக்கிறது" என்று கையொப்பமிட்டுப் போவார். அழகுக்கு என்ன குறை? அத்தனையும் ஆசிரியரின் ஆங்கிலமல்லவா!

நான் குற்றவாளிக் கூண்டுக்கு வெளியே நின்று பேசவில்லை. வேலைக்கு வந்த முதலாண்டிலே நானும் கரும்பலகை நிறைய விடை எழுதிப் போட்டவன்தான். ஒரு நாள், குறும்பாகவே, ஒரு மாறுதல் செய்தேன். பாடத்திலே "அவன் எங்கே வாழ்ந்தான்?" என்றிருந்த ஆங்கில வினாவை, "நீ எங்கே வாழ்கிறாய்?" என்று மாற்றிக் கேட்டேன். இரண்டு சொற்களே மாறின. வகுப்பிலே பாதிக்கு மேற்பட்டோர் கதையிலே வருகிறவனின் ஊரை எழுதித் தந்தனர்! தன் ஊர்ப் பெயரை எழுதத் தெரியாத பிள்ளைகளா அவர்கள்? தமிழிலே கேட்டிருந்தால் ஊரையும் சொல்லி, ஏரியையும் சொல்லி, ஏரியை ஆக்கிரமித்தவர் பெயரையும் சொல்லியிருப்பார்கள்.

ஏட்டிலே எழுதப்பட்டிருக்கும் எதிர்பார்ப்பு என்ன? தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 2017இல் வகுப்புதோறும் கற்றல் விளைவுகளை வகுத்தளித்தது. எட்டாம் வகுப்பு மாணவன் ஆங்கிலச் செய்தித்தாளையும் அறிவிப்புப் பலகையையும் அட்டவணையையும் படித்துச் செய்தி திரட்ட வேண்டும். தொடக்கம், நடு, முடிவு அமைந்த பத்தி எழுத வேண்டும். கடிதம், அறிவிப்பு, நாட்குறிப்பு, தன் பட்டறிவு ஆகியவற்றையெல்லாம் எழுத வேண்டும் என்கிறது அது. நல்ல எதிர்பார்ப்பு, நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நாட்டிலே காண்பதென்ன? ஊர்ப்புறங்களிலே வீடுவீடாகச் சென்று எடுக்கும் 'ஏசர்' கணக்கு, 2022இல் இந்திய அளவில் சொன்னது இது: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிலே எளிய ஆங்கில வாக்கியங்களைப் படிக்க முடிந்தவர் 46.7 விழுக்காட்டினர். பத்தி அல்ல, தோழர்களே, வாக்கியம்! நான்கைந்து சொற்கள் சேர்ந்த சின்னஞ்சிறு வாக்கியம்! 2016இல் எடுத்த கணக்கும் ஏறத்தாழ இதே நிலையைத்தான் காட்டிற்று. படித்துக் காட்டியவர்களிலும் எல்லோரும் பொருள் சொல்லிவிடவில்லை.

பிள்ளைகள் மக்குகள் என்பீரோ? அவர்கள் முன்னே வைக்கப்படும் மொழியின் எழுத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தமிழிலே எழுத்தை அறிந்தவன் எந்தச் சொல்லையும் எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவான். ஆங்கிலத்திலோ 26 எழுத்துக்கள் 40க்கு மேற்பட்ட ஒலிகளைச் சுமந்து தள்ளாடுகின்றன. பி, யு, டி என்றால் 'புட்'; முதலெழுத்தை மட்டும் மாற்றினால் 'பட்'. ஓ, யு, ஜி, எச் என்னும் நால்வர் கூட்டணியோ, 'தோ' என்னும் சொல்லில் ஓ ஆகிறது, 'த்ரூ'வில் ஊ ஆகிறது, 'காஃப்' என்பதில் ஃப் ஆகி இருமவே தொடங்கிவிடுகிறது! இந்தக் காட்டிலே கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டிய குழந்தையை, "ஓடு, அடுத்த பாடம், அடுத்த பாடம்" என்று விரட்டினால், அது என்ன செய்யும்? சொல்லை எழுத்தாகப் படிக்காது. படமாக நினைவிலே ஒட்டி வைக்கும். ஒட்டியது தேர்வு முடிந்த மறுநாள் உதிரும்.

இங்கே இரண்டு வகையான பெருமக்கள் குறுக்கிடுகின்றனர். ஒருவர், "ஏழைப் பிள்ளைக்கு ஆங்கிலம் எதற்கு?" என்று கேட்பவர். அவருடைய சொந்தப் பிள்ளை எந்தப் பள்ளியிலே படிக்கிறது என்று திருப்பிக் கேட்டுவிட்டால் அவரோடு வழக்கு முடிந்தது. மற்றவர், "பலகையை மாற்று, பயிற்றுமொழியை மாற்று, ஆங்கிலம் தானாக வரும்" என்பவர். இவர் ஆபத்தானவர். அறிவியலையும் வரலாற்றையும் ஆங்கிலத்திலே ஓதவைத்தால் என்ன விளையும்? ஒரு பாடத்திலே இருந்த மந்திரம் நான்கு பாடங்களுக்குப் பரவும், அவ்வளவே. தாய்மொழியிலே படித்துப் பொருள் காணப் பழகிய பிள்ளை, அந்தப் பழக்கத்தையே ஆங்கிலத்துக்கும் எடுத்துச் செல்கிறது. தமிழிலே தள்ளாடும் பிள்ளைக்கு எடுத்துச் செல்லக் கையிலே என்ன இருக்கிறது?

இருமொழி போதும் என்று 1968 ஜனவரியிலே சட்டமன்றத்திலே தீர்மானம் நிறைவேற்றினோம். 2020இல் தேசியக் கல்விக் கொள்கை மும்மொழியை ஏந்தி வந்தபோது மறுத்தோம். 2025 ஆகஸ்டிலே வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் இருமொழியே என்று உறுதி கூறிற்று. நன்று! மிக நன்று! ஆனால் தம்பி, இரண்டாம் மொழி எங்கே? நகரத்துத் தனியார் பள்ளிப் பிள்ளையின் நாவிலே இருக்கிறது. என் வகுப்புப் பிள்ளையின் குறிப்பேட்டிலே, அதுவும் என்னுடைய ஆங்கிலமாக இருக்கிறது. பட்டா நம் கையிலே. நிலம் இன்னும் உழப்படவில்லை. மூன்றாம் மொழியைத் திணிக்க வருபவனை வாசலிலே தடுத்து நிறுத்துகிற நமக்கு, இரண்டாம் மொழி வீட்டுக்குள்ளே உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிற கடமை இல்லையா?

வழி தெரியாமலும் இல்லை. டாக்காவிலே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர். வங்காளப் பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வியை ஆராய்ந்து 1926இல் அவர் வெளியிட்ட நூலிலே ஒரு கேள்வி கேட்டார். ஆயுள் காப்பீட்டுப் பாலிசியை இடையிலே விட்டால் கையில் ஏதோ ஒரு தொகை திரும்பக் கிடைக்கிறதே, அதைப்போலப் பள்ளியை இடையிலே விடும் பிள்ளைக்கு, அதுவரை கற்ற ஆங்கிலத்திலிருந்து என்ன கிடைக்கிறது என்று கேட்டார். அதற்கு அவர் வைத்த பெயரும் காப்பீட்டிலிருந்து வாங்கிய 'சரண்டர் மதிப்பு'தான். இலக்கணச் சூத்திரத்தோடு நின்றவனுக்கு ஒன்றும் மிஞ்சாது, படிக்கக் கற்றவனுக்கு அந்த அளவேனும் மிஞ்சும், ஆகவே வாசிப்பை முதலிலே கொடு என்றார். வெள்ளையர் ஆட்சிக்காலத்து வெள்ளையர் சொன்னதாயிற்றே என்று முகம் சுளிப்போர் சுளிக்கட்டும். நம் எட்டாம் வகுப்புப் பெண் நாளையே பள்ளியை விட்டு நின்றால் அவள் கையிலே எஞ்சுவது எது? இல்லாத காய்ச்சல்!

சென்னை மாநிலத்திலேயே 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில், தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் 27,000 பேருக்கு மறுபயிற்சி தர ஒரு முயற்சி நடந்தது. பயிற்சி பெற்றவர் பிறருக்குப் பயிற்சி தர, அது உருள உருளப் பெருகும் பனிப்பந்து என்று பெயரிட்டனர். வெயில் மண்ணிலே பனிப்பந்து! பின்னர் 1979 முதல் 1984 வரை, பெங்களூரிலும் சென்னையிலும் என்.எஸ். பிரபு என்பவர் வேறொரு சோதனை நடத்தினார். மேட்டுக்குடிப் பள்ளிகளிலே அல்ல, சாதாரணப் பள்ளிகளிலே. இலக்கண விதியைக் கையிலே திணிக்கவில்லை. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, எந்த வண்டி முன்னதாகப் போகும் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். வரைபடத்தைக் கொடுத்து வழி சொல்லச் சொன்னார். பொருளைத் தேடுகிற மூளை மொழியைத் தானே பற்றிக்கொள்ளும் என்பது அவர் துணிபு. உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்கள் அந்தச் சோதனையைப் படிக்கிறார்கள். நாமோ காய்ச்சல் கடிதத்தைப் படிக்கிறோம்.

நான் கேட்பது பெரிதன்று. எட்டாம் வகுப்பை முடிக்கும் பிள்ளை, முன்பு பாராத ஒரு பக்கத்தை, எளிய ஆங்கிலத்திலே அமைந்ததை, தானே படித்துத் தமிழிலேனும் பொருள் சொல்லட்டும். தாத்தாவின் மாத்திரை அட்டையிலே காலாவதி நாளைப் பார்த்துச் சொல்லட்டும். வங்கிப் படிவத்தின் எந்தக் கட்டத்திலே எதை எழுதுவது என்று அறியட்டும். தன்னைப் பற்றி, தன் தெருவைப் பற்றி, நேற்று நடந்ததைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதட்டும், பிழையோடு எழுதட்டும்! பிழையுள்ள ஐந்து சொந்த வாக்கியத்துக்கு, பிழையற்ற ஐம்பது இரவல் வாக்கியத்தைவிட மதிப்பெண் கூடுதலாகக் கிடைக்கட்டும். அதற்குத் தேர்வுத்தாளிலே பாதியேனும் பாடநூலுக்கு வெளியிலிருந்து வர வேண்டும். விடை கரும்பலகையிலிருந்து இறங்கக் கூடாது. எழுத்தொலியே தெரியாமல் எட்டாம் வகுப்புவரை வந்துவிட்ட பிள்ளைக்கு, 'பட்'டிலும் 'புட்'டிலும் இருந்தே தொடங்க வேண்டும். அதிலே வெட்கம் பிள்ளைக்கு அல்ல, ஏழாண்டு அதைக் கவனியாத நமக்கு.

"பாடம் முடிக்க நேரமில்லையே" என்று என் தோழர்களான ஆசிரியர்களே கேட்கின்றனர். நியாயமான கேள்வி. ஒருவரே மூன்று வகுப்பை மேய்க்கும் பள்ளிகளை நான் அறிவேன். புள்ளிவிவரம் நிரப்புவதிலே பாதி நாள் போவதையும் அறிவேன். ஆசிரியரைக் கொடு, படிவங்களைக் குறை என்று அரசிடம் கேட்போம், உரக்கவே கேட்போம். ஆனால் முடித்ததாகக் கணக்குக் காட்டும் பாடம் யாருக்குள்ளே முடிந்தது என்பதையும் கேட்டுக்கொள்வோம்.

அந்தப் பெண்ணின் கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. விடுப்புக் கொடுத்தேன். வந்த பிறகு, வகுப்பிலே காய்ச்சல் கடிதத்தையே பாடமாக வைத்துச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் கண்டோம். பொருள் தெரிந்ததும் வகுப்பே சிரித்த சிரிப்பு பக்கத்து அறைக்குக் கேட்டது. ஆண்டு முடியுமுன் மீண்டும் ஒரு கடிதம் வைத்தாள். "மை சிஸ்டர் காட் பேபி. கேர்ள் பேபி. ஐ கோ சீ. டுமாரோ லீவ் கிவ் சார்." தலைமையாசிரியர் பார்த்துவிட்டு, "இவ்வளவு பிழையா? நீர் என்ன ஐயா சொல்லிக் கொடுக்கிறீர்?" என்று கேட்டார். விடுப்புக் கொடுத்து அனுப்பினேன். அவள் திரும்பி வந்த அன்று இருவரும் அமர்ந்து கடிதத்தை எடுத்தோம். இரண்டு பிழைகளை நான் காட்டினேன்; மூன்றாவதை அவளே கண்டுபிடித்தாள்.