471க்கு ஃபத்வா கொடுப்பது யார்?

படப்பை பஜாரில் ஒரு மளிகைக் கடை. ஜும்ஆ முடிந்து வந்த ஓர் இளைஞர் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக் கல்லாமேல் போடுகிறார்.

"பாய், இதுல 471 இருக்கு. பன்றிக் கொழுப்பு! இதை வித்து வர்ற காசு உங்களுக்கு ஹலாலா?"

கடைக்காரர் திகைக்கிறார். ஆதாரம் கேட்டால், இளைஞர் கைபேசியை நீட்டுகிறார். யாரோ எழுதி, யாரோ அனுப்பிய எண்களின் பட்டியல்! பக்கத்தில் நின்ற பெரியவர், "அதையெல்லாம் பார்த்தா எதையுமே சாப்பிட முடியாது, விடுங்க தம்பி" என்கிறார்.

சகோதரர்களே! இருவர் செய்வதும் தவறு. ஒருவர் விசாரிக்காமல் ஹராம் என்கிறார். மற்றவர் விசாரிக்காமல் விழுங்கச் சொல்கிறார். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று அல்குர்ஆன் (49:6) கட்டளையிடுகிறது. மனம் போன போக்கில் இது ஹலால், இது ஹராம் என்று பொய் சொல்லாதீர்கள் என்றும் (16:116) எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை நமக்கு இல்லையா?

471 என்பது எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்த்து வைக்கும் எமல்சிஃபயர். ரொட்டி, கேக், ஐஸ்கிரீம், மார்கரின் எனப் பலவற்றிலும் சேர்க்கிறார்கள். கொழுப்பிலிருந்தும் கிளிசரினிலிருந்தும் தயாராகிறது. அந்தக் கொழுப்பு பாமாயிலாக இருக்கலாம், சோயா எண்ணெயாக இருக்கலாம். மாட்டுக் கொழுப்பாகவோ பன்றிக் கொழுப்பாகவோகூட இருக்கலாம். எண் ஒன்றுதான், மூலம்தான் வேறு. ஆகவே "471 என்றாலே ஹராம்" என்பதும் பொய், "471 என்றால் பயமில்லை" என்பதும் பொய்!

மூலத்தை அறிய வழி உண்டா? உண்டு. நம் நாட்டுச் சட்டப்படி, பால், தேன் போன்றவை நீங்கலாக, மிருகத்திலிருந்து வந்த எந்தப் பொருள் சேர்ந்திருந்தாலும் பாக்கெட்டில் பழுப்பு நிற அசைவக் குறி போட வேண்டும். பச்சைக் குறி இருந்தால் அந்த 471 மிருகக் கொழுப்பல்ல என்பதற்குத் தயாரிப்பாளரே சட்டப்படி பொறுப்பு. பச்சைக் குறி ஹலால் சான்றிதழ் அல்ல. ஆல்கஹால் கலந்திருக்கிறதா என்பதை அது காட்டாது. ஆனால் கொழுப்பைப் பற்றிய கேள்விக்கு அதில் பதில் உண்டு. பழுப்புக் குறி இருந்தால் முட்டை மட்டும்தானா, வேறு எதுவுமா என்று கேட்க வேண்டும். வளைகுடாவிலிருந்து பெட்டியில் வரும் சாக்லேட்டில் இந்தக் குறிகள் இருக்காது. அங்கேதான் கூடுதல் கவனம் தேவை.

2021 டிசம்பர் 9 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், சேர்க்கைப் பொருள்களை வெறும் எண்ணாகப் போட்டால் போதாது, அவை தாவரத்திலிருந்து வந்தவையா மிருகத்திலிருந்து வந்தவையா என்பதையும், அளவு எவ்வளவு குறைவாக இருந்தாலும், தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. வழக்குப் போட்டது யார்? பசுப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று! அவர்கள் தங்கள் நம்பிக்கைக்காக நீதிமன்றம் போனார்கள். நாம் வதந்தியை அடுத்தவருக்கு அனுப்பிவிட்டுத் தூங்கினோம். வெட்கமாக இல்லையா?

2023 நவம்பரில் உத்தரப் பிரதேச அரசு ஹலால் சான்றிதழ் பெற்ற பொருள்களின் விற்பனைக்கே தடை போட்டது. முத்திரைக்குத் தடை போடலாம். தான் உண்பது எதனால் ஆனது என்று கேட்கும் குடிமகனின் உரிமைக்குத் தடை போட முடியுமா?

இந்தோனேசியாவைப் பாருங்கள். 1988இல் உணவில் பன்றிக் கொழுப்பு என்று நாடெங்கும் பீதி பரவியது. அங்குள்ள உலமா சபை 1989இல் ஆய்வு நிறுவனமே தொடங்கியது. 2001இல் அஜினோமோட்டோ தயாரிப்பில் பன்றியிலிருந்து எடுத்த நொதி பயன்பட்டது வெளியானபோது, அந்தச் சரக்கைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வைத்தார்கள். கூச்சல் போட்டு அல்ல, ஆலைக்குள் செய்முறையை ஆராய்ந்து!

வியாபாரிகளே, உங்களிடமும் ஒரு கேள்வி. பிரியாணிக் கடையில் ஹலால் போர்டு மாட்டுகிறோம். நம்மவர் நடத்தும் பேக்கரியில் கேக் மாவில் போடும் ஜெல் டப்பாவின் லேபிளை என்றாவது படித்தோமா? அதிலும் 471 இருக்கிறது. உதிரியாக விற்கும் கேக்கை வாங்குபவர் லேபிளைப் பார்க்க முடியாது. உங்களை நம்பித்தான் வாங்குகிறார். டப்பாவில் குறி இல்லையென்றால், மூலம் தாவரம்தான் என்று சப்ளையரிடம் எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் சரக்கை மாற்றுங்கள்!

இளைஞர்களே! ஒவ்வொரு மஹல்லாவிலும் ஓர் ஆலிம், வேதியியல் படித்த ஒரு பட்டதாரி, ஒரு வியாபாரி என்று மூன்று பேர் சேருங்கள். சந்தேகமான பொருளுக்குத் தயாரிப்பாளருக்குக் கடிதம் எழுதுங்கள். பதிலைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள். மூலம் தெரிந்த பிறகு மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேளுங்கள். விடை கிடைக்கும்வரை விலகியிருங்கள். சந்தேகமானதைத் தவிர்ப்பவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொள்கிறார் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. ஆனால் உங்கள் சந்தேகத்தை அடுத்தவர் கடைமீது ஹராம் முத்திரையாகக் குத்தாதீர்கள்.

படப்பையில் இதைத் தொடங்க மூன்று பேர் கிடைக்க மாட்டார்களா?