ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுபோன இணையம்

புது தில்லி: நாட்டின் கிராமங்கள் அனைத்துக்கும் அதிவேக இணைய வசதி அளிக்கும் நோக்கத்துடன் 2011-இல் தொடங்கப்பட்ட திட்டம், பெயர் மாறி, மதிப்பீடு பல மடங்கு உயர்ந்து, காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்ட பிறகும் சாதாரண மக்களின் வீட்டு வாசலை எட்டவில்லை. இரண்டு லட்சத்துக்கும் அதிகமான ஊராட்சிகள் "சேவைக்குத் தயார்" என்கிறது அரசின் கணக்கு. ஆனால், தயாராக இருக்கும் சேவை யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி.

தேசிய கண்ணாடி இழை கேபிள் கட்டமைப்புத் திட்டத்துக்கு 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சுமார் ரூ. 20 ஆயிரம் கோடியில், இரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டரை லட்சம் ஊராட்சிகளை இணைப்பது இலக்கு. ஆட்சி மாறியதும் 2015-இல் இத்திட்டம் "பாரத்நெட்" ஆனது. முதல் ஒரு லட்சம் ஊராட்சிகளை இணைக்கும் கட்டமே 2017 டிசம்பரில்தான் முடிந்தது.

2020 சுதந்திர தின உரையில், ஆயிரம் நாள்களில் 6 லட்சத்துக்கும் அதிகமான கிராமங்கள் இணைக்கப்படும் என்று பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். அந்த ஆயிரம் நாள்கள் 2023 மே மாதத்தில் முடிந்துவிட்டன. இதற்கிடையே, 16 மாநிலங்களில் தனியார் பங்களிப்புடன் பணியை நிறைவேற்ற 2021 ஜூனில் அமைச்சரவை முடிவெடுத்தது. ரூ. 19 ஆயிரம் கோடி மானியம் தருவதாகக் கூறியும் நிறுவனங்கள் முன்வராததால் அந்த முயற்சி கைவிடப்பட்டது.

கோளாறு எங்கே?

நிலத்தைத் தோண்டிக் கேபிள் பதிக்க நெடுஞ்சாலை, வனம், ரயில்வே எனப் பல துறைகளின் அனுமதி தேவைப்பட்டது. இந்தத் தாமதத்தை நாடாளுமன்ற நிலைக்குழு பலமுறை சுட்டிக்காட்டியுள்ளது. எனினும், அடிப்படைக் கோளாறு திட்டத்தின் வடிவமைப்பிலேயே இருந்தது. வட்டாரத் தலைநகரிலிருந்து ஊராட்சிக்கு ஒற்றைப் பாதையாகவே கேபிள் சென்றது. அதிலும் ஒரு பகுதி ஏற்கெனவே பதிக்கப்பட்டிருந்த பழைய கேபிள். சாலையை விரிவுபடுத்தும் இயந்திரம் ஓரிடத்தில் அதை அறுத்துவிட்டால், அதற்கு அப்பால் உள்ள ஊராட்சி இணைப்பை இழந்தது. மாற்றுப் பாதை இல்லை.

இதைவிட முக்கியமானது, ஊராட்சியிலிருந்து வீட்டுக்கு இணைப்பைக் கொண்டு செல்வது யாருடைய பொறுப்பு என்பது தெளிவாக வரையறுக்கப்படாதது. கேபிளை அரசு பதித்தால் தனியார் நிறுவனங்களும் கேபிள் டிவி நடத்துவோரும் வாடகைக்கு எடுத்து இணைப்பு தருவார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டது. குறைந்த வருவாய் உள்ள கிராமத்தில் முதலீடு செய்ய அவர்கள் தயங்கினர். பதித்த கேபிளின் கிலோமீட்டரும் இணைந்த ஊராட்சிகளின் எண்ணிக்கையுமே சாதனையாகக் கணக்கிடப்பட்டதால், வீடுகளைப் பற்றி எவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

செல்பேசி போதுமா?

"கையில் செல்பேசி இருக்கும்போது வீட்டுக்குத் தனி இணைப்பு எதற்கு?" என்ற வாதம் தில்லி அதிகார வட்டாரங்களில் கேட்காததல்ல. 2024 இறுதியில் நாட்டில் இருந்த சுமார் 94 கோடி பிராட்பேண்ட் இணைப்புகளில், கம்பி வழி இணைப்புகள் 4 கோடியைச் சற்றே தாண்டியிருந்தன. எஞ்சியவற்றில் மிகப் பெரும்பாலானவை செல்பேசி இணைப்புகளே. ஆனால், ஒரே செல்பேசியை நம்பி இரண்டு குழந்தைகள் பாடம் படிக்க முடியாது என்பதைக் கரோனா காலம் உணர்த்திவிட்டது.

நகரவாசி கண்ணாடி இழை, கேபிள் டிவி வழி இணைப்பு, 2023-இல் அறிமுகமான 5ஜி கம்பியில்லா வீட்டு இணைப்பு என்று தேர்ந்தெடுக்கலாம். கிராமவாசிக்கு எஞ்சியிருந்தவை பழைய செம்புக் கம்பியும் செல்பேசி கோபுரமும்தான். கம்பியில்லா இணைப்பு கேபிளுக்கு முழு மாற்றாகிவிடாது. கோபுரத்துக்கே கண்ணாடி இழை கேபிள் போய்ச் சேராத இடத்தில் 5ஜி வேகம் பெயரளவிலேயே இருக்கும். செயற்கைக்கோள் இணையத்துக்கு உரிமங்கள் வழங்கப்பட்டுள்ளபோதிலும், மலைக்கிராமங்களுக்கும் தீவுகளுக்கும் ஏற்ற அந்த வழி ஏழைக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாவது கடினம்.

மாநிலங்களின் அனுபவம்

ஆந்திரம் தோண்டும் வேலையைத் தவிர்த்து மின்கம்பங்களில் கேபிளைக் கட்டியது. 2017 டிசம்பரில் தொடங்கி வைக்கப்பட்ட அத்திட்டம், மாதம் ரூ. 149-க்கு இணையம், தொலைபேசி, தொலைக்காட்சி மூன்றையும் வீட்டுக்கே தருவதாக அறிவித்தது. இணையத்தை அடிப்படை உரிமையாக அறிவித்த கேரளம், 2023 ஜூனில் "கே-ஃபோன்" திட்டத்தைத் தொடங்கியது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்ற அதன் வாக்குறுதி, முதல் கட்டத்தில் 14 ஆயிரம் குடும்பங்கள் என்ற அளவில் சுருங்கியது. 12,525 ஊராட்சிகளை இணைக்கத் தமிழகம் விடுத்த ஒப்பந்தப்புள்ளியோ, விதிமுறைகள் போட்டியைக் கட்டுப்படுத்துவதாகக் கூறி மத்திய அரசு உத்தரவிட்டதால் 2020-இல் ரத்தானது.

புதிய வாக்குறுதி

2023 ஆகஸ்டில் ரூ. 1,39,579 கோடியில் திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஒற்றைப் பாதைக்குப் பதிலாக வளைய வடிவக் கட்டமைப்பு, மூன்று ஆண்டுகளில் கட்டுமானம், அடுத்த பத்து ஆண்டுகளுக்குப் பராமரிப்பு, ஐந்து ஆண்டுகளில் ஒன்றரைக் கோடி கிராம வீடுகளுக்கு இணைப்பு ஆகியவை இதன் அம்சங்கள். பழைய தவறுகளை அரசு உணர்ந்திருப்பதையே இவை காட்டுகின்றன. பராமரிப்புக்குத் தனியே பணம் ஒதுக்கியிருப்பதும் வீட்டு இணைப்புக்கு இலக்கு வைத்திருப்பதும் வரவேற்கத்தக்கவை.

ஆனால், அளவுகோல் மாறாவிட்டால் பலன் மாறாது. இத்திட்டத்துக்குச் செலவாகும் நிதி, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயிலிருந்து கிராமச் சேவைக்கென்றே பிடிக்கப்படும் 5 சதவீதத்திலிருந்து வருகிறது. கட்டணம் செலுத்தும் ஒவ்வொரு சந்தாதாரரின் பணமும் இதில் அடங்கியிருக்கிறது. எத்தனை கிலோமீட்டர் கேபிள் பதிக்கப்பட்டது என்று அவையில் கேட்கும் உறுப்பினர்கள், எத்தனை வீடுகளில் நேற்று இணைப்பு இயங்கியது, அறுந்த கேபிள் எத்தனை நாளில் சரிசெய்யப்பட்டது என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்விகளுக்கு மாவட்டவாரியாக விடை கிடைக்கும்வரை, "சேவைக்குத் தயார்" என்பது கோப்பில் மட்டுமே உள்ள சாதனையாக இருக்கும்.