மக்கள் விமானமா, மாயையா?

இரண்டாம் உலகப் போரின் விமானங்களைப் பற்றி எழுதுவோர் ஹைங்கல் 162 என்ற ஜேர்மன் ஜெற் விமானத்தைப் பேசும்போது வழக்கமாக ஒரு சமாதானம் கூறுவர். விமானம் சிறந்ததே, காலந்தான் போதவில்லை என்பதே அது. இக்கூற்று எமக்கு உடன்பாடானதன்று. அவசரம் அவ்விமானத்துக்குப் புறத்தேயிருந்து வந்த தடையன்று. அதன் கருவே அவசரந்தான்.

1944 செப்டெம்பரில் ஜேர்மன் விமானத்துறை அமைச்சு விடுத்த கோரிக்கையை நோக்குக. ஒற்றை ஜெற் எஞ்சின், நிறை 2000 கிலோகிராமுக்கு மேற்படாமை, வேகம் மணிக்கு 750 கிலோமீற்றர், அரைமணி நேரப் பறப்பு. இவற்றோடு மாதம் ஆயிரம் விமானங்கள்! போர்விமானத் தளபதி கலண்ட் இதனை எதிர்த்தார். கோயறிங் செவிசாய்க்கவில்லை. டிசெம்பர் 6ஆம் நாள் முதல் விமானம் வானில் ஏறிவிட்டது.

அதன் சிறப்புகளை மறைப்பது எமது நோக்கமன்று. எஞ்சினை முதுகில் ஏற்றியமையால் அமைப்பு எளிதாயிற்று. இறக்கைகளை மரத்தினாற் செய்தமையால் அருமையான உலோகம் மிஞ்சியது. ஆபத்தின்போது விமானியை ஆசனத்தோடு வெளியே எறியும் பொறியும் இருந்தது. (தலைக்குப் பின்னால் எஞ்சின் வாய் திறந்திருக்கையில் அது சலுகையன்று, கட்டாயம்.) வேகத்திலோ அக்காலத்து எஞ்சின் சுழலி விமானங்கள் பலவற்றை அது விஞ்சியது.

ஆனால் மரத்தை மரத்தோடு பிணைத்தது எது? வுப்பெர்ற்றால் நகரில் நல்ல ஒட்டுப்பசை செய்த தொழிற்சாலை குண்டுவீச்சுக்கு இரையானபின் வேறொரு பசை வந்தது. அதிலிருந்த அமிலம் மரத்தையே அரித்தது. முதற் பறப்பிலேயே சக்கரக் கதவொன்று கழன்று வீழ்ந்தது. எச்சரிக்கை போதாதா? நான்கு நாட்களின்பின், அதிகாரிகள் பார்த்திருக்க, இறக்கை சிதைந்து சோதனை விமானி கொட்கொல்ட் பீற்றர் மாண்டார். திட்டம் நிற்கவில்லை.

பிரித்தானியக் கடற்படையின் சோதனை விமானி எரிக் பிரவுண், கைப்பற்றப்பட்ட விமானமொன்றை ஓட்டிப் பார்த்து அதன் கட்டுப்பாட்டுக் கருவிகளின் இசைவை மெச்சினார். இச்சான்றையே புகழுவோர் ஓயாது காட்டுவர். அவரோ கைதேர்ந்தவர், அவரே சுக்கானை மிக மென்மையாகக் கையாளவேண்டுமென எச்சரித்தவர். 1945 நவம்பரில் பாண்பறோவில் அதே வகை விமானத்தின் வாற்பகுதி முறிந்து ரொபேர்ட் மார்க்ஸ் என்ற பயிற்சி பெற்ற விமானி உயிரிழந்தார். இத்தகைய யந்திரத்தை யாருக்காக வகுத்தார்கள்? எஞ்சினில்லாக் கிளைடர்களிற் சிறிது பயின்ற ஹிட்லர் இளைஞர் இயக்கத்துச் சிறுவருக்காக! ‘மக்கள் போர்விமானம்’ என்ற பெயரின் பொருள் இதுவே. வல்லுநர் கையில் அது நன்றாகப் பறந்தது என்பது அதற்குச் சாதகமான வாதமன்று. அது எந்நோக்கத்துக்காகச் செய்யப்பட்டதோ அந்நோக்கத்துக்கே அது உதவாது என்பதற்கான சான்று.

பொறியியலை மட்டும் பேசுவோம் என்பார் உளர். அவ்வாறாயின் ஒஸ்ரியாவின் ஹின்றர்பிறூல் சுரங்கத்தை எங்கே வைப்பது? ஜிப்சம் அகழ்ந்த அந்நிலவறையில் இவ்விமானத்தின் உடற்பகுதிகளைச் செய்தோர் மௌத்தவுசன் வதைமுகாமின் கைதிகள். மாதம் ஆயிரம் என்ற எண்ணிக்கை அவர்களுடைய உடல்களை வைத்தே போடப்பட்ட கணக்கு.

அக்கணக்கும் ஈடேறவில்லை. விமானங்கள் படையணிக்கு வந்து சேர்ந்தது போரின் இறுதி வாரங்களில். அவற்றில் எதிரியின் கையால் வீழ்ந்தவற்றினும் விபத்தில் அழிந்தவையே மிகுதி. சிறுவர் எவரும் அவற்றைப் போருக்கு ஓட்டிச் செல்லவில்லை. 1945 மே மாதத்தில் பிரித்தானியப் படையினர் லெக் விமானத்தளத்தை அடைந்தபோது எஞ்சியவை அங்கே வரிசையாக நின்றன.