எழுபத்தொன்றின் புள்ளிகள்

உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் காலத்தில், வைத்திய பீடம் கைநழுவிப்போன பிள்ளையின் வீட்டுக்குத் துக்கம் விசாரிப்பதுபோல வந்து சேரும் வெள்ளவத்தைப் பெரியவர்கள், தேநீர் ஆறுவதற்குள் தரப்படுத்தலுக்குப் போய்விடுவார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆனால் அது பாதி இடத்தில் குறி தவறி விழுகிறது என்பதே என் அபிப்பிராயம்.

1971ஆம் ஆண்டுச் சர்வகலாசாலைப் பிரவேசத்திலே, வைத்தியம் பயில விரும்பியவர் சிங்களத்தில் பரீட்சை எழுதியிருந்தால் 400க்கு 229 புள்ளிகள் போதும் என்றும், தமிழில் எழுதியிருந்தால் 250 வேண்டும் என்றும் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் விதித்தது; இதுவே மொழிவாரித் தரப்படுத்தல். தமிழ்ப் பரீட்சகர்கள் தம்மவருக்குப் புள்ளிகளை வாரி வழங்குகிறார்கள் என்ற வதந்தியே அதற்கு முகாந்தரமாயிற்று. ஒரே கல்லூரியில், ஒரே ஆய்வுகூடத்தில் தவளையை அறுத்துப் பழகி, வைத்திய பீடத்துக்குள் புகுந்தபின் ஒரே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கவிருந்த இரு மாணவர்களுக்கு இடையே, பரீட்சை எழுதிய மொழியை மாத்திரம் வைத்து 21 புள்ளிகளாலான சுவர் எழுப்பப்பட்டதை அநியாயம் என்றன்றி வேறெவ்வாறு சொல்வது?

1974இல் வந்த மாவட்டக் கோட்டா வேறு ஜாதிக் காரியம். மொழிவாரித் தரப்படுத்தலோடு சேர்த்தே அது புகுத்தப்பட்டமையாலும், அதனால் நஷ்டமடைந்தவை பிரதானமாக யாழ்ப்பாணமும் கொழும்புமே ஆகையாலும், நம்மவரின் நினைவில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. மொழிவாரிக் கணக்கு 1977ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்தோடு ஒழிந்தது. மாவட்டக் கணக்கு உருமாறி நிலைத்து, 40 விழுக்காடு தீவளாவிய திறமைக்கும், 55 விழுக்காடு மாவட்டங்களுக்கும், 5 விழுக்காடு கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று இன்று வழங்குகிறது. மன்னாரிலும் முல்லைத்தீவிலும், பௌதிகவியல் ஆசிரியரைக் கண்ணாற் காண்பதே அதிர்ஷ்டமாயிருந்த பள்ளிக்கூடங்களிலிருந்து வைத்திய பீடத்துக்கு வந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதுவே வாசல். தோட்டப் பாடசாலைகள் எழுபதுகளிலேதான் அரசாங்கத்தின் கைக்கு வரத் தொடங்கிய மலையகத்துக்கோ, அந்த வாசலும் காலந்தாழ்த்தியே திறந்தது.

இந்த மாவட்டக் கோட்டாவையும் இனத்துவேஷம் என்று தூற்றுகிற நமக்குள்ளேயே, பிள்ளையின் பெயரை மலையகத்துப் பாடசாலை ஒன்றிற் பதிந்துவிட்டுக் கொழும்பு டியூசனிற் படிப்பித்து, தோட்டத்துப் பிள்ளைக்குரிய இடத்தைச் சாமர்த்தியமாகக் கைப்பற்றுகிற பெற்றோரும் உண்டு. (சாமர்த்தியம் என்றது அவர்களுடைய சொல்.) அதையும் மீறி உள்ளே வந்த லயத்துப் பிள்ளை ஆங்கில விரிவுரையில் திகைத்து நின்றால், 'கோட்டாவில் வந்தது' என்று முதலிற் கிசுகிசுப்பவர் எப்போதும் சிங்கள மாணவராய்த்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

பதுளை, நுவரெலியா ஆஸ்பத்திரிகளின் வாட்டுகளிலே, கொழுந்தெடுக்கிற பெண் தன் நோவைத் தமிழிற் சொல்ல, அதைச் சிங்களத்திற் பெயர்த்துச் சொல்லச் சிற்றூழியரைத் தேடி ஓடும் அவலம் இன்னும் முற்றாக நீங்கவில்லை. அங்கே தமிழறிந்த வைத்தியர்கள் போய்ச் சேர்வது அந்த 55, 5 விழுக்காடுகளைப் பெரிதும் பொறுத்தது. ஆண்டுதோறும் விருந்து வைத்தும் மலர் வெளியிட்டும் களைத்துப்போகிற நம் கொழும்புப் பழைய மாணவர் சங்கங்கள், அந்தச் செலவிற் பாதியைக் கொண்டு, அனுமதிக் கடிதம் வந்த நாளுக்கும் பீடம் தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் கோட்டாவில் வரும் தோட்டத்துப் பிள்ளைகளைக் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ தங்கவைத்து ஆங்கிலம் கற்பிக்கலாம்.